புள்ளிக் கோட்டை முதலில் பாருங்கள்: பக்கத்து நாடு பிரியும்போது செய்தியை வாசிக்கும் விதம்

2008 பெப்ரவரி 18, திங்கட்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு மாடி அறையில் எனது உயர்தர அரசறிவியல் வகுப்பு. பதினொரு பிள்ளைகள். சேர்பியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக முந்தின நாள்தான் கொசோவோ பிரகடனம் செய்திருந்தது. பின்வரிசை மாணவன் ஒருவன் பத்திரிகையை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்திருந்தான். பாடம் தொடங்குமுன் கேட்டான்: "மிஸ், இனி மற்ற இடங்களும் இப்படிப் பிரியுமா?" கேட்ட கையோடு திறந்திருந்த யன்னலைப் பார்த்தான். அருகில் இருந்த பிள்ளை எழுந்து போய் யன்னலைச் சாத்தினாள்.

கொழும்பில் அந்த நாட்களை வாழ்ந்தவர்களுக்கு அந்த யன்னலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. போர்நிறுத்த உடன்படிக்கை முடிந்து ஒரு மாதம். லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பி எட்டு மாதம். பிள்ளை கேட்டது பாடத்திட்டக் கேள்வி. அந்த அறையில் அது வேறு கேள்வியாகவும் ஒலித்தது.

அன்று நான் "அப்படி உடனே எல்லா இடமும் பிரியாது" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்று இரவு முழுக்க உறுத்தியது. ஒரு பிரதேசம் சுதந்திரம் பெற்றால் அக்கம்பக்கத்துப் பிரிவினை இயக்கங்களுக்கு உண்மையில் என்ன நடக்கிறது? இதை ஒரு பிள்ளை தானாகவே தேடிக் கண்டுபிடிக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அடுத்த கிழமையிலிருந்து வகுப்பில் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். ஆண்டுக்கு ஆண்டு திருத்தித் திருத்தி இன்றும் அதைத்தான் செய்கிறேன். உலகில் எங்காவது ஒரு பிரதேசம் பிரியும் செய்தி வந்தால் நீங்களும் இப்படி வாசித்துப் பாருங்கள். ஒரு பழைய அட்லஸ், ஒரு சீஆர் கொப்பி, ஒரு பென்சில் இருந்தால் போதும்.

அட்லஸ் பழையதாக இருக்க வேண்டும். புதிய வரைபடத்தில் முடிவு மட்டும்தான் தெரியும். என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய எண்பதுகளின் அட்லஸ். முதுகுப் பக்கம் பிய்ந்து, பழுப்பு நிற ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியது. அதில் சோவியத் யூனியன் இரண்டு பக்கத்துக்கும் பரந்து ஒரே இளஞ்சிவப்பாகக் கிடக்கும். கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால்தான் உள்ளே புள்ளிக் கோடுகள் தெரியும். லித்துவேனியா, உக்ரைன், ஜோர்ஜியா என்று பதினைந்து குடியரசுகள். இன்னும் கிட்டப் பார்த்தால் அந்தக் குடியரசுகளுக்குள்ளேயே அதைவிட மெல்லிய புள்ளிக் கோடுகள்: செச்னியா, தத்தார்ஸ்தான், அப்காசியா, தெற்கு ஒசெத்தியா.

முதல் வேலை, அந்தப் புள்ளிக் கோட்டைத் தேடுவதுதான். பிரிந்த பிரதேசத்துக்கு முன்பே ஒரு கோடு இருந்ததா, இருந்தால் எந்தத் தரத்துக் கோடு என்று கொப்பியில் எழுதுங்கள். 1991 இறுதியில் சோவியத் யூனியனின் தடித்த புள்ளிக் கோடுகள் பதினைந்தும் நாட்டு எல்லைகளாகிவிட்டன. மெல்லிய புள்ளிக் கோடு ஒன்றுகூட உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லையாகவில்லை. செச்னியாவும் 1991 நவம்பரில் சுதந்திரம் என்றது. அதற்கு வந்தது இரண்டு போர்கள். யூகோஸ்லாவியாவிலும் இதே கதைதான். அங்கே ஆறு குடியரசுகள் தடித்த கோடு. சேர்பியாவுக்குள் இருந்த கொசோவோவும் வொய்வொடினாவும் மெல்லிய கோடு. 1991 ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் ஒரே நாளில் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, ஐரோப்பிய நாடுகள் அமைத்த சட்ட ஆணைக்குழு குடியரசுகளின் எல்லைகளையே நாட்டு எல்லைகளாக எடுத்துக்கொண்டது. கொசோவோ மக்களும் அதே ஆண்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

எரித்திரியாவுக்கு இருந்தது இத்தாலியக் குடியேற்றத்தின் பழைய எல்லை. கிழக்குத் திமோருக்கு இருந்தது போர்த்துக்கேயர் விட்டுப்போன எல்லை. இரண்டும் பழைய கோட்டின் மேலேயே நடந்து வெளியே வந்தன. கோடு மட்டும் போதும் என்றும் இல்லை. 1967இல் பயாஃப்ராவுக்கும் நைஜீரியாவின் கிழக்குப் பிராந்தியம் என்ற தெளிவான கோடு இருந்தது. ஆனால் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964இல் கெய்ரோவில் கூடி, சுதந்திரம் கிடைத்தபோது இருந்த எல்லைகளையே மதிப்போம் என்று தீர்மானித்திருந்தது. பயாஃப்ராவை ஏற்றுக்கொண்டவை விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான். 1970 ஜனவரியில் அது முடிந்துபோனது.

சரி, இப்போது கொசோவோவுக்கு வாருங்கள். 2008இல் அது உலகத்தை ஏன் அப்படி உலுக்கியது என்று இந்த ஒரு படியிலேயே விளங்கும். மெல்லிய புள்ளிக் கோடு ஒன்று தலைநகரின் சம்மதமில்லாமல் தடித்த கோடாகத் தொடங்கியது. தங்கள் வரைபடத்தில் மெல்லிய கோடு வைத்திருந்த ஒவ்வொரு அரசும் நிமிர்ந்து உட்கார்ந்தது. இது சமாளிக்க முடியாத முன்னுதாரணமாகிவிடும் என்று இலங்கை வெளிநாட்டமைச்சு உடனேயே கவலை வெளியிட்டது. கொழும்புக்கும் கொசோவோவின் தலைநகர் பிரிஸ்டினாவுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். பக்கம் என்பது மைல் கணக்கு இல்லை என்பதை அந்த அறிக்கை ஒன்றே காட்டிவிடும்.

இங்கே ஒரு சின்ன உபாயம். அங்கீகரித்த நாடுகளின் பட்டியலைப் பத்திரிகைகள் போடும். நீங்கள் மறுத்த நாடுகளின் பட்டியலை எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின், சைப்பிரஸ், கிரேக்கம், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்தும் கொசோவோவை ஏற்கவில்லை. ஒவ்வொன்றின் வரைபடத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஸ்பெயினில் கற்றலோனியாவும் பாஸ்க் நாடும். சைப்பிரஸில் வடக்குப் பாதி. ருமேனியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரிய மொழி பேசும் சிறுபான்மையினர். மறுத்தவர்களின் பட்டியல் பெரும்பாலும் அச்சத்தின் பட்டியல். ரஷ்யாவை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெப்ரவரியில் கொசோவோவை எதிர்த்த அதே ரஷ்யா, ஓகஸ்டில் ஜோர்ஜியாவோடு போர் முடிந்த கையோடு அப்காசியாவையும் தெற்கு ஒசெத்தியாவையும் அங்கீகரித்தது. வல்லரசுகளுக்கு அச்சத்தைவிட வசதி முக்கியம்.

அடுத்த படியில்தான் பிள்ளைகள் அதிகம் தவறுவார்கள். அதனால் அதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போகிறேன். கொப்பியின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் "பழைய காயம்", வலது பக்கம் "புதிய நம்பிக்கை" என்று தலைப்பிடுங்கள். பக்கத்து நாடு பிரிந்த செய்தி வலது பக்கத்துக்கு மட்டும்தான் போக வேண்டும். இடது பக்கம் காலியாக இருந்தால் அந்த இடத்தில் எந்தச் செய்தி வந்தாலும் எதுவும் அசையாது. இடது பக்கம் நிரம்பி வழிந்தால் செய்தி இல்லாமலும் அசையும். பக்கத்து நாட்டின் சுதந்திரம் காயத்தைக் கொடுப்பதில்லை. "இப்போது முடியும்" என்ற நினைப்பைக் கொடுக்கிறது.

எங்கள் சொந்தப் பக்கத்தையே எழுதிப் பாருங்கள். 1971இல் எனக்கு ஒன்பது வயது. அப்பா அரசாங்க எழுதுவினைஞர், வெள்ளவத்தையில் வாடகை வீடு. இந்தியா தன் வான்பரப்பை மூடியதால் பாகிஸ்தான் விமானங்கள் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போகும் வழியில் கட்டுநாயக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போயின. வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான் பேச்சு. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தி ரேடியோவில் வந்தபோது பெரியப்பா கதிரையை விட்டு எழுந்து, "பாத்தியளே, தனி நாடு எண்டால் கனவு இல்லை" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அந்தக் கை இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது.

1976 மே 14 அன்று தனித் தமிழீழம் கேட்கும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. வங்காளதேசம்தான் அதற்குக் காரணம் என்று எழுதும் மாணவருக்கு நான் பாதிப் புள்ளிதான் கொடுப்பேன். இடது பக்கத்தை நிரப்பச் சொல்வேன். 1956 தனிச் சிங்களச் சட்டம். 1957இல் எழுதி 1958இல் கிழித்தெறியப்பட்ட பண்டா - செல்வா ஒப்பந்தம். 1965 டட்லி - செல்வா ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். 1972 குடியரசு அரசியலமைப்பு. இவை எல்லாம் இல்லாமல் டாக்காவில் கொடி ஏறியிருந்தால் யாழ்ப்பாணத்தில் யாரும் கதிரையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

வலது பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது. அதையும் எழுத வேண்டும். பெரியப்பாவும் அவர் போன்ற பலரும் வங்காளதேசத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், "நேரம் வந்தால் இந்தியா வரும்" என்பது. கிழக்குப் பாகிஸ்தானின் கணக்கோ வேறு. மேற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் இந்திய நிலம். மக்கள்தொகையில் கிழக்குத்தான் பெரும்பான்மை. 1970 தேர்தலில் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் வென்று முழு நாட்டையும் ஆளும் உரிமை பெற்றிருந்தது. இந்தியாவுக்குள் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்து குவிந்திருந்தார்கள். இதில் எது எங்களுக்குப் பொருந்தியது? நீர் பிரிக்கும் ஒரு தீவில், நாலில் ஒரு பங்கிலும் குறைந்த மக்கள். பக்கத்து வெற்றியிலிருந்து உற்சாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனைகளை அங்கேயே விட்டுவிட்டு வருவது பிரிவினை இயக்கங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை. இதை நான் கோபத்தோடு எழுதவில்லை. அந்தப் பிழைக்கு எங்கள் வீடுகளும் விலை கொடுத்தன என்பதால் எழுதுகிறேன்.

ஆகவே மூன்றாவது வேலை: எது நகல் எடுக்கப்பட்டது, எது நகல் எடுக்க முடியாதது என்று பிரித்து எழுதுவது. நகல் எடுக்கக்கூடியவை முறைகள். 1988 நவம்பரில் எஸ்தோனியா, தன் சட்டமே தன் மண்ணில் மேலானது என்று இறைமைப் பிரகடனம் செய்தது. அடுத்த ஆண்டு லித்துவேனியா, லத்வியா, அசர்பைஜான் என்று அதே பிரகடனம் ஒவ்வொரு சபையாக ஏறியது. 1990 ஜூனில் ரஷ்யக் குடியரசே அப்படி ஒன்றை நிறைவேற்றியது. மாஸ்கோவுக்குள் இருந்தே மாஸ்கோவுக்கு எதிராக! 1989 ஓகஸ்ட் 23 அன்று தாலின், ரீகா, வில்னியஸ் நகரங்களை இணைத்து ஏறத்தாழ 20 லட்சம் பேர் கைகோர்த்து நின்றார்கள். இருபத்து நான்கு ஆண்டு கழித்து, 2013 செப்டெம்பர் 11 அன்று கற்றலோனியர்கள் அதைப் பார்த்து அதே மாதிரி ஒரு மனிதச் சங்கிலியைக் கடற்கரையோரம் நீளக் கோர்த்தார்கள். தூரமும் காலமும் முறைக்குத் தடையாக இருக்கவில்லை.

நகல் எடுக்க முடியாதது தலைநகரின் சம்மதம். ஸ்கொட்லாந்து 2014 செப்டெம்பர் 18 அன்று வாக்களித்தது. 55 வீதம் வேண்டாம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பு நடக்கும் என்று 2012இலேயே லண்டன் கையெழுத்திட்டிருந்தது. கற்றலோனியா வாக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டது, மட்ரிட்டின் கையெழுத்து கிடைக்கவில்லை. 2017 ஒக்டோபர் 1 வாக்குச்சாவடிகளில் பொலிஸார் நுழைந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆறு நாள் முன்னர் ஈராக்கியக் குர்திஸ்தானும் வாக்களித்தது. 90 வீதத்துக்கு மேல் ஆம். ஒரு மாதம் ஆகுமுன் கிர்குக் நகரம் கையை விட்டுப் போனது, சர்வதேச விமானங்கள் நின்றன, துருக்கியும் ஈரானும் ஈராக்கோடு சேர்ந்து நெருக்கின. பக்கத்துக் குர்துகளுக்கு இது உற்சாகமாகிவிடும் என்ற பயம்தான் அந்த இரண்டு அரசுகளையும் அவ்வளவு வேகமாக நகர்த்தியது. எரித்திரியாவின் 1993 வாக்கெடுப்புக்கு அடிஸ் அபாபாவின் சம்மதம் இருந்தது. தெற்கு சூடானின் 2011 வாக்கெடுப்புக்கு 2005 சமாதான உடன்படிக்கையில் கார்த்தூமின் கையெழுத்து இருந்தது. வீதக் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், தலைநகர் என்ன செய்கிறது என்பது. என் வகுப்பில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவேன். பக்கத்து நாட்டுச் செய்தியை இயக்கங்கள் மட்டும் வாசிப்பதில்லை. அரசுகளும் வாசிக்கின்றன, பெரும்பாலும் இயக்கங்களைவிட வேகமாக. பல இனங்கள் வாழும் நாட்டின் அரசு முதலில் கேட்பவருக்கு விட்டுக்கொடுத்தால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள் என்று பயந்து, முதல் ஆளை மிகக் கடுமையாக அடிக்கும் என்று அமெரிக்க அரசறிவியலாளர் பார்பரா வால்டர் வாதிடுகிறார். பல இடங்களில் அது பொருந்துகிறது. ஆனால் இந்தோனேசியாவை வைத்துப் பார்த்தால் இன்னொரு வழியும் தெரியும்.

1999 ஓகஸ்ட் 30 அன்று கிழக்குத் திமோர் மக்களில் 78.5 வீதம் பேர் இந்தோனேசியாவை விட்டுப் போக வாக்களித்தார்கள். நவம்பர் 8 அன்று சுமாத்திராவின் வடமுனையில், பண்டா ஆச்சே நகரின் பெரிய பள்ளிவாசல் முன்னால் லட்சக்கணக்கான மக்கள் கூடினார்கள். அவர்கள் கேட்டதும் வாக்கெடுப்புத்தான். திமோரிலிருந்து எடுத்த வார்த்தை அது. நகல் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் வேறு எனக்குத் தெரியாது. ஆச்சேயின் காயம் திமோரைப் பார்த்து வந்ததில்லை. அங்கே ஆயுதப் போராட்டம் 1976இலேயே தொடங்கியிருந்தது, எங்கள் வட்டுக்கோட்டை ஆண்டில். பப்புவாவிலும் 2000இல் பெரிய மக்கள் பேரவை கூடி உரிமை கேட்டது. இந்தோனேசியா துண்டு துண்டாகப் போகும் என்று உலகம் பேசியது.

ஜகார்த்தா இரண்டையும் செய்தது. 2001இல் ஆச்சேக்கும் பப்புவாவுக்கும் விசேட தன்னாட்சிச் சட்டம் கொண்டுவந்தது. 2003இல் ஆச்சேயில் இராணுவச் சட்டமும் போட்டது. பிறகு 2004 டிசம்பர் 26. அந்தத் திகதியை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே கடல், அதே காலை. 2005 ஓகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. ஆச்சே தனி நாட்டுக் கோரிக்கையை விட்டது. பதிலுக்குச் சொந்தக் கட்சிகள் வைக்கும் உரிமையும், எண்ணெய் எரிவாயு வருமானத்தில் 70 வீதமும் பெற்றது. 2006 இறுதியில் நடந்த தேர்தலில் முன்னாள் போராளி ஒருவரே ஆளுநரானார். நடுவராக இருந்தவர் பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி. அதே மனிதர்தான் 2007இல் கொசோவோவுக்குச் சர்வதேச மேற்பார்வையோடு கூடிய சுதந்திரம் வேண்டும் என்று ஐ.நா.வுக்குத் திட்டம் கொடுத்தவர். ஒரே நடுவர், இரண்டு ஆண்டு இடைவெளி, இரண்டு வேறு முடிவுகள். ஜகார்த்தா கொடுக்க ஆயத்தமாக இருந்தது. பெல்கிரேட் 1989இல் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்து, பத்து ஆண்டு போலிஸாலும் படையாலும் ஆண்டு, பிறகு கொடுக்க முன்வந்தபோது வாங்க ஆளில்லை.

எங்கள் பக்கத்தில் 2005 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே சுனாமி நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பு ஒன்று கையெழுத்தாகி, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆச்சே கையெழுத்துக்கு ஒரு மாதம் முன்னர். இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே எழுதும்போது என் கை இன்றும் ஒரு கணம் நின்றுவிடும்.

தமிழ்நாட்டையும் மறக்க வேண்டாம். திராவிட நாடு கேட்ட தி.மு.க., 1962 சீனப் போருக்குப் பிறகு 1963இல் பிரிவினைக் கோரிக்கைக்கு எதிராக அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் வந்தபோது அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. திருத்தத்தால் மட்டும் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம். வாசல் ஒன்றை மூடிய இந்தியா இன்னொன்றைத் திறந்து வைத்திருந்தது: 1967இல் அதே கட்சி கோட்டையைப் பிடித்து மாநிலத்தை ஆண்டது, 1969இல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. இலங்கையிலும் 1983 ஓகஸ்டில் தனி நாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்யும் ஆறாவது திருத்தம் அரசியலமைப்பில் வந்தது. அதோடு சேர்ந்து திறந்த வாசல் ஒன்றும் வரவில்லை. தனி நாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். பேசுவதற்கு மேடை இருந்தவர்கள் வீட்டுக்குப் போக, இளைஞர்கள் காட்டுக்குப் போனார்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது, செய்ய மனம் வராத வேலை. பிரிந்த பிரதேசத்தின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, அதற்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். குரோஷியா பிரிந்தபோது அங்கே வாழ்ந்த சேர்பியர்கள் ஏறத்தாழ 12 வீதம். அவர்கள் தங்களுக்கென்று கிராயினா என்று ஒன்றைப் பிரகடனம் செய்தார்கள். மோல்டோவா மாஸ்கோவை விட்டு விலகத் தொடங்கிய 1990இலேயே அதற்குள் ககௌஸ் மக்களும் திரான்ஸ்னிஸ்ட்ரியாவும் தனியே போகப் போகிறோம் என்றார்கள். ககௌஸ் மக்களுக்கு 1994இல் தன்னாட்சிச் சட்டம் கிடைத்து அமைதி வந்தது. திரான்ஸ்னிஸ்ட்ரியாவில் 1992இல் போர் நடந்தது, இன்றும் தீராமல் இருக்கிறது. விடுதலைக் கோரிக்கை ஒன்று எழும்போது முதலில் உற்சாகமோ பயமோ அடைவது அதன் மடியிலேயே வாழும் சிறிய சமூகம்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதைத் தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் தங்கள் கையாலேயே எழுத வேண்டும் என்பதில் நான் விடாப்பிடி. ஒரு வருடம் புத்தளத்திலிருந்து வந்து படித்த பிள்ளை ஒருத்தி வகுப்பில் இருந்தாள். அவள் அந்த வரியை எழுதிவிட்டுக் கொப்பியை மூடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் ஒருவரும் பேசவில்லை.

எழுதும் மொழியைப் பற்றி இரண்டு விஷயம். "தொற்று", "காட்டுத்தீ", "சீட்டுக்கட்டு சரிந்தது" என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதும். நீங்கள் எழுதாதீர்கள். தீ தானாகப் பரவும். மக்கள் செய்தியைப் பார்த்து, பேசி, கணக்குப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். யார் முடிவெடுத்தார் என்று எழுவாய் போட்டு எழுதினால் பாதி மயக்கம் போய்விடும். மற்றது, இந்த நாட்டில் இருந்துகொண்டு எழுதுபவர்களுக்கு. ஆறாவது திருத்தம் இலங்கைக்குள் தனி நாட்டை ஆதரிப்பதையும் ஊக்குவிப்பதையும் தடைசெய்கிறது. உலகில் எது எப்படி நடந்தது என்று விளக்குவது வேறு. சமஷ்டி கேட்பது தனி நாடு கேட்பதாகாது என்று 2017 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. பரீட்சைத் தாளில் சமஷ்டி என்ற சொல்லை எழுதப் பயந்து "அதிகாரப் பரவல்" என்று மழுப்பும் பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பைத்தான் சொல்லுவேன். சரியான சொல்லைப் பயமில்லாமல் எழுதுங்கள்.

கடைசியாக, பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் விட்டு வையுங்கள். திகதியும் போடுங்கள். செய்தி வந்த கிழமையில் எழுதியதை ஒரு வருடம் கழித்து, பிறகு ஐந்து வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள். உடனடியாகப் பிரியும் என்று எல்லோரும் சொன்ன இடம் அசையாமல் இருக்கும். யாரும் நினைக்காத இடத்தில் அதே வாதம் முளைத்திருக்கும்.

2008இல் கேள்வி கேட்ட அந்த மாணவன் பிறகு வேலைக்குப் போய்விட்டான். 2014 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்தான். தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்தபோது மேசையில் அவனுடைய பழைய சீஆர் கொப்பி விரிந்து கிடந்தது. கொசோவோப் பக்கம். அடியில் விட்ட இடத்தில் 2010 ஜூலை 22 என்று ஒரு வரி இருந்தது: பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் அபிப்பிராயம் சொன்ன நாள். அதன் கீழே இன்னும் இரண்டு விரல் இடம் மிச்சம்.

"மிஸ், கிரிமியாச் சபை பிரகடனத்திலை கொசோவோத் தீர்ப்பைத்தான் காட்டியிருக்கினம். ரஷ்யாவுக்குப் போறதுக்கு" என்றான்.

"புள்ளிக் கோடு?"

"உக்ரைனுக்குள்ளை தன்னாட்சிக் குடியரசு. மெல்லிய கோடு."

"கையெழுத்து?"

"கீவ் போடேல்லை. படைதான் நிண்டது."

பென்சிலை எடுத்து, மிச்சமிருந்த இடத்தில் சின்ன எழுத்தில் எழுதத் தொடங்கினான். யன்னல் திறந்துதான் இருந்தது. கீழே கடற்கரைப் பாதையில் ரயில் போகும் சத்தத்தில் நான் அடுத்துக் கேட்டது அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன்: "உள்ளுக்குள்ளை ஆர் இருக்கினம்?"

"தத்தார்கள்" என்றான், எழுதிக்கொண்டே.